பிசிறு எங்கே பிறக்கிறது?

கணினியில் பாட்டு மிக்ஸ் செய்கிற எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். மென்பொருளுக்குள் வைத்துக் கேட்கும்வரை பாட்டு சுத்தமாக இருக்கிறது. அதையே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கைபேசியிலோ காரிலோ போட்டால், கிக் டிரம் விழும் இடங்களில் பிசிறு தட்டுகிறது, பாடகியின் மேல்ஸ்தாயி கரகரக்கிறது, நடுநடுவே ஏதோ ‘டிக்’ என்று சொடுக்குகிறது. உடனே பழி எக்ஸ்போர்ட் பொத்தானின் மேல் விழுகிறது. மென்பொருளை மாற்றிப் பார்க்கிறார்கள், கோப்பு வகையை மாற்றிப் பார்க்கிறார்கள், அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறார்கள். சில நேரம் தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. காரணம் மட்டும் தெரியாமலே போகிறது. இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது இதுதான்: மிகப் பெரும்பாலான நேரங்களில் எக்ஸ்போர்ட் எதையும் கெடுப்பதில்லை. மிக்ஸுக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு மிகுதி, அந்த இடத்தில்தான் முதன்முறையாக ஓர் எல்லையில் முட்டுகிறது. ஆகவே பிசிறைத் தேடவேண்டிய இடம் பாட்டின் கடைசிப் படி அல்ல, அதற்கு முந்தைய படிகள். இதற்கு விலக்குகளும் உண்டு. ஆனால் அந்த விலக்குகள் அலையின் வடிவத்திலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. குறுவட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. அந்த ஒவ்வோர் எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர். இப்படி விட்டுவிட்டு அளந்தாலும், அளக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வுகளை எல்லாம் குறையின்றி மீட்டெடுக்க முடியும். இதன் கணித அடித்தளம் 1928இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதியதிலும் 1949இல் கிளாட் ஷானன் எழுதியதிலும் இருக்கிறது. நம் சிக்கலுக்கு முக்கியமானது வேறொரு கேள்வி: அந்த உயரத்தை எழுத எவ்வளவு இடம் தரப்படுகிறது? 16 பிட் கோப்பில் ஒரு சாம்பிள் மைனஸ் 32,768இலிருந்து 32,767 வரை உள்ள முழு எண்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்த உச்சியைத்தான் டிஜிட்டல் மீட்டர்கள் பூஜ்யம் டெசிபெல் என்று காட்டுகின்றன. அதற்கு மேலே எழுத எண்ணே கிடையாது. 24 பிட்டுக்கு மாறினால் மேலே இடம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. உச்சி அதே உச்சிதான்; படிகள் நுண்ணியவையாகி, கீழே மெல்லிய ஒலிகளுக்கான இடம் சுமார் 96 டெசிபெலிலிருந்து சுமார் 144 டெசிபெலாக விரிகிறது. கூரை உயர்வதில்லை, தரைதான் இறங்குகிறது.

மிக்ஸ் செய்யும் மென்பொருளோ உள்ளுக்குள் முழு எண்களைக் கொண்டு கணக்கிடுவதில்லை. இன்றைய மென்பொருள்கள் அநேகமாக எல்லாமே 32 அல்லது 64 பிட் மிதவைப் புள்ளி எண்களில் இயங்குகின்றன. 1985இல் தரப்படுத்தப்பட்ட முறை இது. எண்ணின் இலக்கங்களைத் தனியாகவும் அதன் அளவைத் தனியாகவும் எழுதும் ஏற்பாடு. 32 பிட்டில் 23 பிட்கள் இலக்கங்களுக்கு, 8 பிட்கள் அளவுக்கு, ஒன்று குறிக்கு. இதன் விளைவாக, பூஜ்யம் டெசிபெலுக்கு மேலேயும் சுமார் 770 டெசிபெல் வரை எண்கள் இருக்கின்றன. ஒரு டிராக் உச்சியைத் தாண்டி 6 டெசிபெல் மேலே போனாலும் அங்கே எதுவும் உடைவதில்லை. பிறகு வரும் ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினால் அலை பழைய வடிவத்தோடு திரும்பிவிடுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது, இந்த எல்லையற்ற உலகத்தின் எண்களை 65,536 படிகளுக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. உச்சியைவிட ஒன்றரை மடங்கு உயர்ந்த அலைக்கு 49,000க்கு மேற்பட்ட எண் தேவை. அது இல்லை, எனவே 32,767இலேயே நிறுத்தப்படுகிறது. மலைமுகடு வெட்டப்பட்டு மொட்டை மேடாகிறது. கிளிப்பிங் என்பது இதுதான். பெரிய மிதவைப் புள்ளி எண்ணைச் சிறிய முழு எண்ணாக மாற்றும் இந்தப் படி கணினி உலகில் எங்குமே ஆபத்தானது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிய சுமார் 40 நொடிகளில் சிதறியதற்குக் காரணம், ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது கொள்ளாமல் போனதுதான். ஒலி மென்பொருள்கள் அந்த அளவுக்குத் தடுமாறுவதில்லை, எண்ணை உச்சியிலேயே நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்தத் தவறிய நிரல்களில் 40,000 என்ற மதிப்பு சுற்றிக்கொண்டு மைனஸ் 25,536 ஆகிவிடும். அந்தச் சத்தம் பிசிறு அல்ல, வெடி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கணினியின் ஒலி அட்டைக்கும் கடைசியில் முழு எண்கள்தானே போகின்றன? மிக்ஸ் உச்சியைத் தாண்டியிருந்தால் மென்பொருளுக்குள் கேட்கும்போதே பிசிறியிருக்க வேண்டுமே, எப்படிச் சுத்தமாகக் கேட்டது? மறுப்பு வலுவானது, இதற்கு விடை சொல்லாமல் என் வாதம் நிற்காது. விடையின் முதல் பகுதி ஒலியளவுக் குமிழில் இருக்கிறது. பல மென்பொருள்களில் மாஸ்டர் ஃபேடருக்குப் பிறகு கேட்பதற்கென்று தனியாக ஓர் ஒலியளவுக் கட்டுப்பாடு உண்டு. அதை 10 டெசிபெல் இறக்கி வைத்துக் கேட்டால், மிதவைப் புள்ளியிலேயே அலை சிறுத்துவிடுகிறது. ஒலி அட்டையை அடையும்போது உச்சிக்குள் இருக்கிறது. எக்ஸ்போர்ட் அந்தக் குமிழைப் பொருட்படுத்தாது, மாஸ்டரிலிருந்து நேரே எடுக்கும். இரண்டாவது, விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் இடத்தில் தங்களுடைய ஒரு லிமிட்டரை வைத்திருக்கின்றன. அது உச்சியைத் தாண்டும் முகடுகளைச் சத்தமில்லாமல் தாழ்த்திவிடும். மூன்றாவது காரணம் காது. ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக வெட்டுப்பட்ட முகடு, அதுவும் டிரம் அடிக்கும் அந்தக் கணத்தில் வந்தால், டிரம்மின் ஓசையே அதை மூடிவிடும். அதே பாட்டை மறுநாள் வேறொரு ஹெட்ஃபோனில், சத்தம் கூட்டிக் கேட்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது. ஆக, மென்பொருளுக்குள் சுத்தமாகக் கேட்டது என்பது உண்மையாகவே இருக்கலாம். மிக்ஸ் சுத்தமாக இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

அந்த மிகுதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெறும் கூட்டல்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத, ஒரே அளவுள்ள டிராக்குகள் சேரும்போது, எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த ஆற்றல் 3 டெசிபெல் கூடுகிறது. 16 டிராக்குகள் என்றால் 12 டெசிபெல். ஒரே ஒலி இரண்டு டிராக்குகளில் நகலாக இருந்தால் இரண்டும் முகட்டோடு முகடு சேர்ந்து 6 டெசிபெல் கூடும். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே நேரத்தில் விழுவது இதற்கு நெருக்கமான நிலை. தாழ்ந்த அதிர்வுகள்தான் அலையின் உயரத்தில் பெரும்பங்கைத் தின்கின்றன, காதுக்கோ அவை அந்த அளவு உரக்கத் தெரிவதில்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக உச்சி வரை ஏற்றி வைத்துப் பழகியவர்கள், கூட்டுத்தொகை எங்கே போகும் என்பதை யோசிப்பதில்லை. மென்பொருள் தடுப்பதும் இல்லை. பழைய அனலாக் மேசையில் அளவு மீறினால் டேப்பே மெல்ல மெல்ல அலையை அமுக்கி எச்சரித்துவிடும். மிதவைப் புள்ளிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

வெட்டுப்பட்ட முகடு ஏன் காதை இப்படி உறுத்துகிறது என்பது இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி. மேலும் கீழும் ஒரேமாதிரி வெட்டப்பட்ட அலையில், மூல அதிர்வின் 3, 5, 7, 9 மடங்கு அதிர்வுகள் புதிதாகத் தோன்றுகின்றன. மடங்குகள் தோன்றுவது தன்னளவில் குற்றமில்லை. இசைக்கருவிகளின் இனிமையே அதில்தான் இருக்கிறது. சாதாரணமாக, இழுத்துக் கட்டிய தோலில் எழும் மேலதிர்வுகள் மூலத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருநிறக் கரணை அவற்றை முழு மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது என்பதைச் சி.வி.ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் ‘நேச்சர்’ இதழில் எழுதிக் காட்டினார், 1930களில் விரிவாக ஆராய்ந்தார். மிருதங்கம் சுருதி சேர்வதும் பறை சேராமல் இருப்பதும் இதனால்தான். அனலாக் கருவியின் டிஸ்டார்ஷன் பல நேரம் இதமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: எழும் மடங்குகள் முழு மடங்குகளாகவே நிற்கின்றன. டிஜிட்டலில் அப்படி நிற்க வழியில்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வெட்டுப்படுகிறது என்று கொள்வோம். 15,000 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். அடுத்து வரவேண்டிய 25,000 ஹெர்ட்ஸுக்கு 44,100 சாம்பிள் உலகில் இடமில்லை. அது திருப்பி மடிக்கப்பட்டு 19,100 ஹெர்ட்ஸாக வெளிப்படுகிறது. 35,000 என்பது 9,100 ஆகிறது. 45,000 என்பது 900 ஹெர்ட்ஸாகிறது. 5,000க்கும் 900க்கும் எந்தச் சுருதி உறவும் இல்லை. பாட்டில் யாரும் வாசிக்காத ஒரு தாழ்ந்த ஒலி, பாடகியின் குரலுக்கு அடியில், அவள் ஸ்வரம் மாறும்போதெல்லாம் தாறுமாறாக ஓடுகிறது. காது அதைக் கரகரப்பு என்று உணர்கிறது. டிஜிட்டல் கிளிப்பிங் காதைக் குத்துகிறது என்ற புகாரை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிடுவது தவறு. அதற்குக் கணக்கு இருக்கிறது.

‘என் மீட்டர் ஒருமுறைகூடச் சிவக்கவில்லையே’ என்பது அடுத்த மறுப்பு. சாதாரண மீட்டர் சாம்பிள்களின் உயரத்தைத்தான் பார்க்கிறது. அலையோ சாம்பிள்களுக்கு இடையிலும் ஓடுகிறது. 11,025 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை 44,100 வேகத்தில், ஒவ்வொரு முகட்டுக்கும் சரியாக இருபுறமும் அளக்கும்படி அமைத்தால், எல்லாச் சாம்பிள்களும் உண்மை உயரத்தின் 70.7 சதவீதத்தில் வந்து உட்காரும். அந்தச் சாம்பிள்களை உச்சி வரை ஏற்றினால் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஒலி அட்டை மீட்டெடுக்கும் அலை 3 டெசிபெல் மேலே போகும். டென்மார்க்கின் டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தைச் சேர்ந்த சோரன் நீல்சனும் தாமஸ் லுண்டும் இந்தச் சாம்பிள் இடை முகடுகளைப் பற்றி 2000 வாக்கிலேயே எச்சரித்தார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற அளவை முறை, சாம்பிள் வேகத்தை நான்கு மடங்காக்கி இந்த மறைந்த முகடுகளை மதிப்பிடச் சொல்கிறது. ட்ரூ பீக், அதாவது உண்மை முகட்டு மீட்டர் என்று மென்பொருள்களில் இருப்பது அதுதான். சாதாரண மீட்டரை மட்டும் நம்பி, லிமிட்டரின் உச்சத்தை பூஜ்யத்திலோ மைனஸ் 0.1 டெசிபெலிலோ வைத்து எக்ஸ்போர்ட் செய்யும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. எனக்குத் தெரிந்து வீட்டு ஸ்டூடியோ மிக்ஸ்களின் பிசிறுக்கு இதைவிட எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம் வேறில்லை.

எம்பி3 போன்ற சுருக்கங்கள் இதை மோசமாக்குகின்றன. ஒலியின் ஒரு பகுதியை அவை தூக்கி எறிகின்றன என்பது தெரிந்ததுதான். எறிந்தால் அலை சிறுக்கத்தானே வேண்டும், ஏன் வளர்கிறது? சதுர அலையை எடுத்துக்கொண்டால் புரியும். உயரம் 1 உள்ள சதுர அலையிலிருந்து எல்லா மேல் மடங்குகளையும் நீக்கிவிட்டு மூல அதிர்வை மட்டும் விட்டால், அதன் உயரம் 1.27, அதாவது 2 டெசிபெல் அதிகம். முகட்டைத் தட்டையாக வைத்திருந்ததே அந்த மேல் மடங்குகள்தான். லிமிட்டரில் அழுத்தி மொட்டையாக்கிய மிக்ஸ் ஏறக்குறையச் சதுர அலையைப் போன்றது. அதிலிருந்து எதை நீக்கினாலும், கட்டி வைத்த முகடுகள் அவிழ்ந்து மேலே எழும். எம்பி3 கோப்பு விரிக்கப்படும்போது முகடுகள் மூலத்தைவிட ஓரிரு டெசிபெல் உயர்வது சாதாரணம். பிட் வீதம் குறையக் குறைய இது கூடும். 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48க்கு மாற்றும்போதும், லிமிட்டருக்குப் பிறகு ஒரு ஈக்யூ போட்டு எதையாவது குறைக்கும்போதும்கூட இதே கணக்குதான். வேவ் கோப்பு சுத்தமாகவும் எம்பி3 பிசிறாகவும் இருந்தால், சுருக்கும் நிரலைக் குறை சொல்வதற்கு முன் அதற்குக் கொடுத்த கோப்பில் எவ்வளவு இடம் விட்டிருந்தோம் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் தன் ஆர் 128 பரிந்துரையில் உண்மை முகட்டின் வரம்பை மைனஸ் 1 டெசிபெலில் வைத்தது. ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 1 டெசிபெலையே கேட்கிறது. உரத்த மாஸ்டராக இருந்தால் மைனஸ் 2. இந்த எண்கள் எச்சரிக்கை உணர்ச்சியால் எழுதப்பட்டவை அல்ல, மேலே சொன்ன அவிழ்தலுக்காக ஒதுக்கப்பட்ட இடம்.

மீட்டர் எந்த வகையாக இருந்தாலும் பிடிக்காத ஒரு பிசிறும் உண்டு. மிதவைப் புள்ளியில் எதுவும் உடையாது என்றேன். அது கூட்டலுக்கும் ஃபேடருக்கும் பொருந்தும். பிளக்-இன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அனலாக் கருவிகளைப் போலி செய்யும் பிளக்-இன்கள் பல, மைனஸ் 18 டெசிபெல் வாக்கில் வரும் ஒலியைச் சராசரி என்று எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்குள் உச்சியை ஒட்டிய ஒலியை அனுப்பினால், வடிவமைத்தவர் எண்ணியதைவிட மிக அதிகமாக அலை நெரிபடும். பிறகு வரும் ஃபேடரில் 6 டெசிபெல் இறக்கினால் மீட்டர் பச்சையாகவே இருக்கும். அலையோ மைனஸ் 6 டெசிபெலில் மொட்டையாக நிற்கும். இந்த இடத்தில் அளவைப் பார்த்துப் பயனில்லை, வடிவத்தைப் பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அலை வரைபடமாகத் திறந்து, பிசிறு கேட்கும் இடத்தில் சாம்பிள்கள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கினால், பெரும்பாலும் நோய் கண்ணுக்கே தெரிந்துவிடும். பல சாம்பிள்கள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால் கிளிப்பிங். அந்த உயரம் உச்சியானால் கடைசிப் படியில் வெட்டுப்பட்டது. உச்சிக்குக் கீழே என்றால் நடுவழியில், ஏதோ ஒரு பிளக்-இன்னில் அல்லது பதிவு செய்த மைக்கின் முன்பெருக்கியிலேயே வெட்டுப்பட்டது.

‘டிக்’ என்ற சொடுக்குகள் வேறு இனம். முன்பு சொன்ன விலக்குகள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கின்றன. ஓர் ஒலித்துண்டை அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால், அலை ஒரே சாம்பிளில் செங்குத்தாகத் தாவுகிறது. அந்தத் தாவலில் எல்லா அதிர்வுகளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் காது அதை எந்த ஸ்வரமாகவும் கேட்பதில்லை, சொடுக்காகக் கேட்கிறது. சில மில்லி நொடிகள் நீளமுள்ள கிராஸ்ஃபேடு அதைத் தீர்த்துவிடும். எதிரொலி அடங்குவதற்கு முன்பே கோப்பின் முடிவெல்லையை வைத்ததால் கடைசியில் கேட்கும் சொடுக்கும் இதே வகைதான். காசு கட்டாத சோதனைப் பதிப்புப் பிளக்-இன்கள் சில, குறிப்பிட்ட இடைவெளியில் வேண்டுமென்றே இரைச்சலைச் செலுத்தும். ஒழுங்கான இடைவெளியில் கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதை. பிறகு பஃபர் சிக்கல். பாட்டு ஓடும்போது கணினி, 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒவ்வொரு 5.8 மில்லி நொடிக்கும் ஒருமுறை, அடுத்த கட்டு சாம்பிள்களைத் தயாராகத் தர வேண்டும். பந்தியில் இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டி விழவேண்டும் என்பது போல. பிளக்-இன்கள் கூடிப்போய் ஒருமுறை தாமதித்தால் அங்கே ஓர் இடைவெளி, அதாவது ஒரு சடசடப்பு. பஃபரை 1,024க்கு உயர்த்தினால் 23 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும். ஆனால் சாதாரண எக்ஸ்போர்ட்டில் கணினிக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரு நொடி ஒலியைக் கணக்கிடப் பத்து நொடி எடுத்துக்கொண்டாலும் கோப்பு ஒன்றே. எனவே வேலை செய்யும்போது கேட்கும் சடசடப்பு பெரும்பாலும் கோப்பில் இருக்காது. வெளிக்கருவிகளை இணைத்து, பாட்டு ஓடும் வேகத்திலேயே எக்ஸ்போர்ட் செய்தால் மட்டும் அது கோப்பிலும் பதிந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது உண்டா, அதாவது மிக்ஸில் இல்லவே இல்லாத ஒன்றை எக்ஸ்போர்ட்டே புகுத்துவது? உண்டு, மறைக்க நான் விரும்பவில்லை. வட்டிலிருந்து ஒலித்துண்டுகளைப் படித்துக்கொண்டே வாசிக்கும் சில மெய்நிகர் இசைக்கருவிகள், வேகமான எக்ஸ்போர்ட்டில் படிப்பு பின்தங்கி ஸ்வரங்களை விழுங்கும். சில பிளக்-இன்கள் எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் உயர்தரக் கணக்கீட்டுக்கு மாறி, சற்றே வேறு விதமாக ஒலிக்கும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதே மிக்ஸுக்குள் ஒரு புதிய டிராக்கில், ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் பொருத்தி, மாஸ்டர் செயலாக்கம் எதுவும் அதன் மேல் படாதபடி வைத்து, அலையைத் தலைகீழாக்கி, மூல மிக்ஸோடு சேர்த்து ஓடவிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது எதுவோ அதுதான் எக்ஸ்போர்ட் சேர்த்தது அல்லது வெட்டியது. 16 பிட்டாக மாற்றும்போது முறையாகச் சேர்க்கப்படும் டிதர் என்ற மெல்லிய சீரான இரைச்சல் மைனஸ் 90 டெசிபெல் அருகே மிஞ்சும். அது பிசிறு அல்ல, பிசிறைத் தடுக்கச் சேர்த்தது. முகடுகளில் மட்டும் ‘டப் டப்’ என்று ஏதோ மிஞ்சினால் கிளிப்பிங். கோரஸ், எதிரொலி போன்றவற்றில் சில ஒவ்வொரு முறையும் தற்செயலாக அசைவதால் இந்தச் சோதனை அவற்றிடம் பலிக்காது என்று ஆட்சேபிக்கலாம். சரிதான். அந்த டிராக்குகளை அணைத்துவிட்டு மீண்டும் எக்ஸ்போர்ட் செய்து பார்க்க வேண்டும். பாதி டிராக்குகளை அணைத்து, பிசிறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று தேடுவதும் இதே வேலையின் தொடர்ச்சி. 32 டிராக்குகள் இருந்தாலும் ஐந்து முறையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். கூட்டலால் மட்டுமே பிறக்கும் பிசிறு அப்போது எந்தப் பாதியிலும் கேட்காது. அதுவே ஒரு விடை: குற்றம் எந்த டிராக்கிலும் இல்லை, மொத்த அளவில் இருக்கிறது.

கடைசியாக வரும் மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. கைதேர்ந்த மாஸ்டரிங் பொறியாளர்கள் பலர் டிரம் முகடுகளை வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். கோடிக்கணக்கானோர் கேட்ட பாடல்களில் மொட்டை முகடுகள் இருக்கின்றன. பிறகு இதை ஏன் குறை என்று சொல்ல வேண்டும்? வெட்டுவது தெரிந்து செய்யும் தேர்வாக இருந்தால் எனக்கு வழக்கில்லை. அவர்கள் மடிந்து வரும் அதிர்வுகளைத் தவிர்க்கச் சாம்பிள் வேகத்தைப் பல மடங்காக்கிய கருவிகளில், எந்த முகட்டை எவ்வளவு வெட்டுகிறோம் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள். எக்ஸ்போர்ட்டில் தானாக நிகழும் வெட்டு யாருடைய தேர்வும் இல்லை. தெரிந்து செய்ததிலும் எல்லை மீறியதுண்டு. 2008 செப்டம்பரில் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தின் குறுவட்டு பிசிறுகிறது என்று ரசிகர்களே எழுந்தார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்காக அவ்வளவு அழுத்தப்படாமல் வெளியாகியிருந்தன. இரண்டையும் ஒப்பிட்டவர்களுக்குக் குறை எங்கே என்று விளக்கத் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் மறு மிக்ஸ் கேட்டு மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆல்பத்தை மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ்கள் தன்னிடம் வரும்போதே அழுத்தப்பட்டுவிட்டன என்று கூறியதும் வெளியே வந்தது. பிசிறு கடைசிப் படிக்கு முன்பே பிறந்துவிடுகிறது என்பதற்குப் பெரிய பட்ஜெட் உலகத்திலிருந்தே கிடைத்த சான்று இது. அப்படி அழுத்துவதற்குச் சொல்லப்பட்ட காரணம், அடுத்த பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்பது. இன்று அந்தக் காரணமும் பெருமளவு போய்விட்டது. ஸ்பாட்டிஃபை இயல்பாக எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற சராசரி உரப்பளவுக்குக் கொண்டுவருகிறது. மைனஸ் 8இல் அழுத்தி அனுப்பிய மிக்ஸை அது 6 டெசிபெல் தாழ்த்திவிடும். உரப்பு போய்விடும், வெட்டுப்பட்ட முகடுகள் அப்படியே இருக்கும்.

எல்லாவற்றையும் 32 பிட் மிதவைப் புள்ளிக் கோப்பாகவே எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் தீர்ந்ததா? கோப்பில் எதுவும் வெட்டுப்படாது என்பது உண்மை. ஆனால் கேட்பவரின் கைபேசியில் உள்ள ஒலிச் சில்லு முழு எண்களில்தான் முடிகிறது. மிகுதி அங்கே போய் முட்டும். சிக்கல் தீரவில்லை, வேறொருவர் கைக்கு மாறியிருக்கிறது. மிதவைப் புள்ளிக் கோப்பின் உண்மையான பயன் வேறு. 16 பிட்டில் வெட்டுப்பட்டுப் போன முகட்டை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பழுதுபார்க்கும் கருவிகள் சுற்றியுள்ள சாம்பிள்களை வைத்து, முகடு இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன, அவ்வளவே. மிதவைப் புள்ளிப் பிரதியில் உச்சியைத் தாண்டிய முகடு முழுதாக இருக்கும். அளவை இறக்கினால் திரும்பிவிடும். ஆகவே மிக்ஸ் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாஸ்டரின் உண்மை முகட்டை மைனஸ் 1 டெசிபெலுக்குள் வைத்து வெளியீட்டுக் கோப்பை எடுங்கள்; அதற்கு முன், மாஸ்டரில் லிமிட்டர் எதுவும் இல்லாமல் 32 பிட் மிதவைப் புள்ளியில் ஒரு பிரதியை எடுத்துத் தனி வட்டில் பத்திரப்படுத்துங்கள். நாலு நிமிடப் பாட்டுக்கு, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில், அது சுமார் 85 மெகாபைட்தான் ஆகும்.